வீட்டைப் பார்த்தாச்சு, ஆளைப் பற்றிப் பேசுவோமா?

#1 ரெண்டாங்கட்டு

செட்டிநாடு என்று தேடிப் பாருங்கள், என்ன வருகிறது? பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், அப்புறம் கோழி. கானாடுகாத்தானுக்கு வீடியோ எடுக்க வருகிற தம்பிகள் முகப்பில் ஆரம்பித்துப் பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு என்று கேமராவை நீட்டிக்கொண்டே போய்ப் பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கிவிடுகிறார்கள். நடுவே வளவு முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிற ஆச்சியிடம் (செட்டியார் வீட்டுப் பெண்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அவர்கள் கேட்கிற ஒரே கேள்வி, "கொஞ்சம் நகந்துக்கிறீங்களா பாட்டி." பாட்டி என்று கூப்பிட்டதற்கே ஆச்சி அன்றைக்குப் பொழுது சாயும் வரை முணுமுணுத்திருப்பார். அது தனிக் கதை.

இந்த இழையில் வீடு வேண்டாம். வள்ளல்களும் கவிஞர்களும் வேண்டாம், அவர்களுக்கு மண்டபமும் சிலையும் ஏற்கெனவே இருக்கிறது. இஸ்திரி போடுகிறவர், கண்டக்டர், காவலுக்கு இருக்கிறவர், சமையல் பார்க்கிற தவசிப்பிள்ளை, தினமும் கோயில் வாசலில் பார்க்கிற முகம், இவர்கள் சொன்னது, செய்தது வேண்டும். சிரிப்பு வரவேண்டும், ஆனால் ஆளை மட்டம் தட்டி வரக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

நானே தொடங்குகிறேன். எங்கள் ஊரில் ஒரு ஆச்சி, எண்பதைத் தாண்டியவர். மாசம் பிறந்தால் பாஸ்புக்கை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பேங்குக்கு வந்துவிடுவார். பணம் எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை, டெபாசிட்டுக்கு வட்டி ஏறிவிட்டதா என்று பார்க்க. பதிந்து கொடுத்ததும் கவுண்டர் ஓரமாக நின்று உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டு, கண்ணாடியைக் கழற்றி, "சரியாத்தான் போட்டிருக்கு தம்பி, மிசினை ஒண்ணும் சொல்லாத" என்பார். ஒரு மாசம் புதுசாக வந்த பையன், "பிரிண்டர் ரிப்பேர் ஆச்சி, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டான். "அது ரிப்பேரானா என்னப்பா, நான் நல்லாத்தானே இருக்கேன். நான் சொல்றேன், நீ எழுதிக்க" என்றார். பையன் சிரித்துக்கொண்டே பென்சிலால் எழுதிக்கொண்டான். மறுநாள் மிஷின் சரியானதும் அச்சடித்துப் பார்த்தால் பைசா மாறவில்லை. இப்போது அந்தப் பேங்கில் சாயங்காலம் கணக்கு இடித்தால் மேனேஜரே "யாராவது போய் ஆச்சியைக் கூட்டிட்டு வாங்கப்பா" என்கிறாராம்.

#2 வத்தல்வடகம்

என் அப்பாவும் அம்மாவும் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். பங்காளிகள் ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் எங்கே என்று அவர் தம்பிக்கே தெரியாது. முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கு எல்லோரும் கூடுவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் இருப்பது இவர்கள் ரெண்டு பேரும் புறாக்களும்தான். அவ்வப்போது சினிமாக்காரர்கள் வருவார்கள்.

ஒரு தடவை அப்படி வந்தபோது மொட்டை மாடியில் அம்மா கூழ் வத்தல் ஊற்றி வைத்திருந்தாள். உதவி டைரக்டர் தம்பி படியேறி ஓடிவந்து, "அம்மா, இதை எடுங்க, பிரேம்ல விழுது" என்றார். பாதி காய்ந்த வத்தலை எடுத்தால் வேட்டியும் சேர்ந்துதான் வரும். அம்மா அசையவில்லை. "காயட்டும்பா, வெயில் என்ன ஒங்க டைரக்டருக்கு மட்டுமா அடிக்குது?" சத்தம் கேட்டு டைரக்டரே மேலே வந்தார், குனிந்து பார்த்தார், "சூப்பர், அப்படியே இருக்கட்டும், இயற்கையா இருக்கு" என்றார். எடுத்தார்கள். காட்சி முடியவில்லை, மறுநாளும் அதே இடம். ஆனால் வத்தல் காய்ந்துவிட்டது, அம்மா உரித்து டப்பாவில் போட்டு மூடியும் விட்டாள். உதவி டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நேற்று எப்படி இருந்ததோ அப்படியே ஈரமாக வேண்டுமாம். "நேத்து எடுக்கச் சொன்னிய, இன்னிக்கு வைக்கச் சொல்றிய. வத்தல் ஒங்களுக்காக நனையுமா? அரிசி வாங்கிட்டு வாங்க, ஊத்தித் தர்றேன்" என்றாள் அம்மா. அரிசி, ஜவ்வரிசி, பச்சைமிளகாய் எல்லாம் கம்பெனிச் செலவில் வந்து இறங்கியது. ஷூட்டிங் முடிகிற வரை தினம் ஒரு வேட்டி நிறையப் புது வத்தல்.

படம் வந்தது, போய்ப் பார்த்தோம், அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள். வத்தல் மட்டும் ரெண்டு வருஷம் வந்தது.

#3 புதுவயல்காரன்

காரைக்குடியிலிருந்து எங்கள் பக்கம் வருகிற மினி பஸ் ஒன்று. நடுவில் ஒரு நிறுத்தத்தில் ஒரு அக்கா காலையில் பணியாரம் சுட்டு விற்கும். சாமானும் வாங்க வேண்டும், கடையும் பார்க்க வேண்டும் என்பதால் இதே பஸ்ஸில்தான் காரைக்குடிக்குப் போகும். பஸ் வந்து நிற்கும்போது சட்டியில் கடைசி ஈடு கிடக்கும். "ஒரு நிமிசம் தம்பி, திருப்பிப் போட்டுட்டேன், எடுத்துட்டு வந்துர்றேன்." டிரைவர் இஞ்சினை அணைத்துவிடுவார். வெள்ளைப் பணியாரத்தை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும், அது எண்ணெய்க்குள் மேலே எழும்பி வேக நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தினால் எண்ணெய் குடித்துவிடும். பஸ்ஸே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே இருந்து யோசனை வேறு. "அடுப்பைக் கொஞ்சம் தணிங்கக்கா." "மாவுல உளுந்து கம்மி போலருக்கே." ஆழாக்குப் பச்சரிசிக்கு மேலே கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவுதான் கணக்கு என்று பின் சீட்டில் ஒரு அப்பத்தா தீர்ப்புச் சொல்லும். அக்கா ஏறியதும் டிரைவருக்கு ரெண்டு, கண்டக்டருக்கு ரெண்டு, மிளகாய்த் துவையலோடு. டிக்கெட் மட்டும் கண்டிப்பாக வாங்கிவிடும், ஓசி என்று பேர் வரக்கூடாதாம்.

#4 ஒன்பது_ஆறு

இதே பஸ்ஸில்தான் நானும் வருகிறேன் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இது நகைச்சுவை. துணிக்கடையில் வேலை பார்க்கிற எனக்குப் பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகும். டிரைவருக்குப் பணியாரம், எனக்குப் பட்டை நாமம்.

#5 புதுவயல்காரன்

நியாயம்தான். ஆனால் அந்தக் கண்டக்டர் போனில் ஒரு கடை முதலாளியிடம், "பஸ் பஞ்சர்ணே, எல்லாருந்தான் எறங்கித் தள்ளினோம், அந்தப் புள்ளையும் தள்ளுச்சு, அதை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று பேசியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கையில் அப்போது பணியாரம் இருந்தது.

#6 ஒன்பது_ஆறு

ஓ. அப்படியா. அந்தக் கண்டக்டர் நம்பர் இருந்தால் கொடுங்கள்.

#7 சும்மா_ஒருத்தன்

நல்ல இழை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றிச் சிரிப்பு என்றாலே கடைசியில் கணக்கு, வட்டி, சிக்கனம் என்று வந்து நிற்கிறது. செட்டியார் கஞ்சன் என்று மேடைக்கு மேடை அடித்துத் துவைத்த ஜோக்கைத்தான் கொஞ்சம் சந்தனம் பூசி இங்கேயும் வைக்கிறோமோ என்று தோன்றுகிறது. பாஸ்புக் ஆச்சி கதையும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. இன்னொன்று, இதுவரை சிரித்ததெல்லாம் பெரிய வீட்டு வாசலுக்கு உள்ளே இருந்து பார்த்தது, வத்தல்வடகம் மட்டும் விதிவிலக்கு. அந்த வீடுகளில் பாத்திரம் கழுவியவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

#8 மேலத்தெரு

எனக்குத் தெரியும். என் அம்மா கழுவியவர்தான்.

தேவகோட்டையில் ஒரு வீட்டில் அம்மாவுக்கு வேலை. பகலெல்லாம் அங்கே வாயைத் திறக்க மாட்டாள். ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்ததும்தான் கச்சேரி. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்த மாதிரி பார்த்தாள் என்றால் அந்த ஆச்சியே எங்கள் குடிசைக்குள் வந்து நிற்பது போல இருக்கும். "ஏத்தா, காப்பி டம்ளர் பதினெட்டு போட்டேன், பதினேழுதான் கெடக்கு, ஒண்ணு நடந்து போயிருச்சா?" எவர்சில்வர் எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும், விலாசம் முழுசாக. அம்மா சொல்வாள், அந்த இனிஷியலைத் தேய்க்கிற சோப்பை மிச்சம் பிடித்தாலே நமக்கு ஒரு வீடு கட்டலாம் என்று. வீட்டில் இருந்த ஒவ்வொரு ஆச்சிக்கும் அம்மா ஒரு பட்டப்பேர் வைத்திருந்தாள். பெரிய ஆச்சிக்குப் பேர் ‘எண்ணி வச்சிருக்கேன்'. நாங்கள் விழுந்து புரண்டு சிரிப்போம். மேலே ஒருத்தர் கேட்டாரே, அதுதான் எங்கள் சிரிப்பு.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது எண்ணி வச்சிருக்கேன் ஆச்சி வந்தார். ஆட்டோவில் வந்து இறங்கி, அதிலும் ஆட்டோக்காரரோடு பத்து ரூபாய்க்கு வாசலில் நின்று பேசி, பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. மேஜையில் கிடந்த மாத்திரைப் பட்டையை எடுத்து எண்ணினார். சீட்டைப் பார்த்தார், திரும்ப எண்ணினார். "நேத்து ராத்திரி ஒண்ணு போடல நீ" என்றார். அம்மா போடவில்லைதான். போட்டால் தலை சுற்றுகிறது என்று ஒளித்து வைத்திருந்தாள், டாக்டரும் கண்டுபிடிக்கவில்லை, நர்ஸும் கண்டுபிடிக்கவில்லை. ஆச்சி போன பிறகு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், தையல் போட்ட இடம் வலிக்கிறது, கண்ணில் தண்ணீர், சிரிப்பை நிறுத்த முடியவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வந்தும் எண்ணுதுடா."

#9 கொட்டான்

இங்கே யாரும் பாசம் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். எங்கள் அப்பத்தா "சாப்டியா" என்றுகூடக் கேட்காது. "எத்தனை இட்லி சாப்ட்ட?" நாலு என்றால், "ஏன் ஒண்ணு கொறையிது?"

#10 சும்மா_ஒருத்தன்

மேலத்தெரு, கதை நல்ல கதை. ஆனாலும் கேட்கிறேன், அந்த வீட்டில் உங்கள் அம்மாவுக்குச் சம்பளம் எவ்வளவு?

#11 மேலத்தெரு

கம்மிதான். ஆச்சி அந்தச் சம்பளத்தை எண்ணிக் கொடுப்பதையும் அம்மா நடித்துக் காட்டுவாள். அதுதான் அவளுடைய உச்சக் காட்சி. ஐந்து ரூபாய் கூடுதலாக வந்துவிட்டதோ என்று ஒவ்வொரு நோட்டையும் விரலால் தேய்த்துப் பார்க்கிற அந்தக் கை இருக்கிறதே! கம்மி என்பதும் நிஜம், கஞ்சி கொண்டுவந்ததும் நிஜம். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க அம்மா முயற்சி செய்யவில்லை, நானும் செய்யப்போவதில்லை.

#12 ரங்கூன்_பேரன்

எங்கள் ஐயா, அப்பாவின் அப்பா, செட்டியார் இல்லை, செட்டியார் கடையில் தவசிப்பிள்ளைக்குக் கையாள். சின்ன வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், அடுத்த வருஷம் லட்சக்கணக்கான பேர் காடு மலை என்று நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஐயாவும் அந்தக் கூட்டத்தில் மணிப்பூர் வழியாக வந்தவர். அதைப் பற்றி நாங்கள் எவ்வளவு கேட்டாலும் சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. செருப்பைப் பற்றித்தான் சொல்வார்.

ஊர் வந்து சேர்ந்து தேறியதும் முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறார். கிளம்பும்போது கடையில் கையில் கொடுத்த பணத்துக்குக் கணக்கு ஒப்புவிக்க. யாரும் கேட்கவில்லை, இவராகத்தான் போனார். ஒரு துண்டுத் தாளில் வரவு, செலவு. அரிசி இவ்வளவு, உப்பு இவ்வளவு, ஆற்றைக் கடத்திவிட்ட படகுக்காரனுக்கு இவ்வளவு, செருப்பு ஒரு ஜோடி இவ்வளவு. முதலாளி படித்துக்கொண்டே வந்தவர் செருப்பில் நின்றாராம். "செருப்பு வாங்கினது சரி, அது எங்க? கடைப் பணத்துல வாங்கினா கடைக்குச் சேரணுமே." ஐயா, "மணிப்பூர்ல ஒண்ணு, அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு கெடக்கு. ஆள் அனுப்பி எடுத்துக்கங்க" என்றிருக்கிறார். முதலாளி சிரிக்க ஆரம்பித்தாராம், இவரும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது முதலாளி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாராம். அவர் தம்பியும் அதே வழியில் நடந்து வந்தவர், ஊர் வந்து சேரவில்லை. இதை ஐயா சொல்லி நான் கேட்டதில்லை, அப்பத்தா சொன்னது. ஐயா கதை செருப்போடு முடிந்துவிடும்.

#13 டல்லாஸ்_பொடியன்

கணக்கை விடுங்கள், நெருப்புக்கு வருவோம். கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் கழித்துப் பிள்ளையார் நோன்பு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 21 நூல் இழைகளைச் சேர்த்துத் திரித்து, இனிப்புப் போட்டுப் பிசைந்த மாவில் செருகி, நெய்யில் தோய்த்துப் பற்றவைத்து, வீட்டுப் பெரியவர் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் ஊதி அணைத்துவிட்டு வாங்கப் பார்த்து அறை வாங்காத பையன் எங்கள் பக்கம் இருக்க முடியாது.

கொரோனா வந்த வருஷம் ஊருக்குப் போக முடியவில்லை. இங்கே எனக்கு விடியற்காலை, அங்கே சாயங்காலம், வீடியோ காலில் வளவு முழுக்கத் தெரிகிறது. ஒவ்வொருத்தராக வாங்குகிறார்கள். கடைசியில் ஐயா என் பேரைக் கூப்பிட்டார். சரி, ஆசீர்வாதம் பண்ணுவார் என்று நினைத்தேன். மனுஷர் எரிகிற இழையைப் போனுக்கு நேராக நீட்டுகிறார். "ம், வாயைத் தொற." எனக்கு ஒன்றும் புரியவில்லை, பழக்கத்தில் திறந்துவிட்டேன். அங்கே அத்தை "ஐயோ போனு உருகிரும், போனு உருகிரும்" என்று கத்துகிறார், சித்தப்பா போனைப் பிடுங்கப் பார்க்கிறார், நெய் சொட்டித் திரை மங்கிவிட்டது, நான் இங்கே சமையலறையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன், கூட அறையில் இருக்கிற ஆந்திராப் பையன் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டான். கடைசியில் ஐயா அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மென்று விழுங்கினார். "ஒன் பேருல நான் முழுங்கிட்டேன். ஒனக்குத் தொண்டை சுட்டுச்சா?"

சுட்டுச்சு ஐயா என்றேன். வேறென்ன சொல்ல?

#14 அச்சுக்கல்

இழையைத் தொடங்கிய ரெண்டாங்கட்டு, வீடு வேண்டாம் என்று சட்டம் போட்டார், தரையைப் பற்றிச் சொல்லலாமா?

ஆத்தங்குடியில் என் மாமா கல் போடுகிறவர். கண்ணாடிச் சில்லு மேல் அச்சை வைத்து, சின்னக் கரண்டியால் ஒவ்வொரு வண்ணச் சிமெண்ட் கூழையும் அதனதன் கட்டத்தில் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பி, மட்டம் பண்ணிக் காயவைப்பார். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. கண்ணாடியை எடுக்கும்போதுதான் முகம் தெரியும். அது வரைக்கும் முதுகைப் பார்த்துத்தான் வேலை. அச்சைத் தூக்குகிற நேரம் மாமா மூச்சை நிறுத்திக்கொள்வார். கை ஆடினால் ஒரு வண்ணம் இன்னொன்றுக்குள் ஓடிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றுலாக்காரர்கள், "அண்ணே, ஒரு நிமிஷம், அப்படியே பிடிங்க" என்பார்கள்.

வருகிற அத்தனை பேரும் கையை மட்டும்தான் எடுப்பார்கள். கிட்டப் போய், இன்னும் கிட்டப் போய், விரல் இடுக்கில் இருக்கிற சிவப்புக் காவி தெரிகிற மாதிரி. ஒரு நாள் மாமா கேட்டுவிட்டார். "ஏம்மா, வந்தவக எல்லாரும் கையவே எடுக்கிறிய, எம் மூஞ்சி என்ன அம்புட்டு மோசமாவா இருக்கு?" அந்தப் பெண் வெட்கப்பட்டுப்போய் முகத்தையும் எடுத்தது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, தலையைச் சீவி, விறைப்பாக நின்றார், ஆதார் அட்டைக்கு நிற்கிற மாதிரி. படத்தைப் பார்த்துவிட்டு, "கையே தேவலாம், அழிச்சிரு" என்றார்.

என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது மாமாதான் சொன்னார், மாப்பிள்ளை படம் கேட்டால் கையை அனுப்புங்கள், கைக்குத்தான் இப்போது மவுசு என்று.

#15 பழையபேப்பர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், ஒரு செய்தி. கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர், ‘ரோஜா' என்பது அந்தத் தொழிலில் வந்த பேர். பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், அதுதான் எல்லோரும் சொல்வது. எனக்குப் பிடித்தது வேறு. புத்தகத்தோடு அவர் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற தாள்களையும் சேர்த்தார். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதைக் கொண்டு 1994ல் சென்னையில் நூலகம் அமைந்தது. கல்யாணப் பத்திரிகையைச் சிரிக்காமல் படிக்க முடியாது, படித்துப் பாருங்கள். மணமக்கள் பேர் ரெண்டு வரி, தங்கள் நல்வரவை விரும்பும் சொந்தங்கள் ஒன்றரைப் பக்கம், அதில் யார் பேர் மேலே யார் பேர் கீழே என்பதற்கு எத்தனை வீட்டில் எத்தனை நாள் பேச்சுவார்த்தை நின்று போயிருக்கும்! சாதாரண மனிதர்களின் சரித்திரம் வேண்டுமென்றால் கல்வெட்டைவிட அங்கேதான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

#16 போட்மெயில்

பத்திரிகை என்றதும் நினைவு வந்தது. தேவகோட்டையில் நடந்தது இது.

சென்னையிலிருந்து ஒரு பெரியவர் துக்கம் கேட்க வந்தார். ராத்திரி ரயிலில் தூக்கமில்லை. எங்கள் தெருக்கள் தெரியுமே, வரிசையாக ஒரே மாதிரி வீடு. ஒரு வாசலில் பந்தல், செருப்புக் குவியல், ஆட்கள் நடமாட்டம். நேரே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அது மறுநாள் கல்யாணம் நடக்க இருந்த வீடு, வாழைமரம் இன்னும் வந்து இறங்கவில்லை. பெண்ணின் அப்பா, ஒரு வாரமாகத் தூங்காதவர், களைத்துப்போய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கையில என்ன இருக்கு, மனசைத் தேத்திக்கங்க" என்றார். அவருக்கு உடனே தொண்டை அடைத்துவிட்டது. "ஆமாண்ணே, இத்தனை வருசம் வளத்துட்டு… நாளைக்கு இந்நேரம் வீடு வெறிச்சுன்னு இருக்கும்." "நாளைக்கா? ஏன், இன்னைக்கே எடுக்கலையா?" "இல்லைண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காலையிலதான் வர்றாங்க." வெளியூர் மாப்பிள்ளைக்காக வைத்திருக்கிறார்கள் போல என்று இவர் தலையை ஆட்டினார். ரெண்டு பேரும் கையைக் கோத்தபடி கொஞ்ச நேரம் அழுதிருக்கிறார்கள். இலையில் கவுனி அரிசி இனிப்பு வந்து விழுந்தபோதுதான் இவருக்குச் சந்தேகம் தட்டியது.

#17 ரெண்டாங்கட்டு

ஆத்தாடி.

#18 கொட்டான்

இது தேவகோட்டை இல்லை, கண்டனூர். எங்கள் அப்பத்தா பந்தியில் இருந்திருக்கிறது.

#19 வத்தல்வடகம்

பள்ளத்தூரிலும் இதே கதை சொல்வார்கள். அங்கே கவுனி அரிசிக்குப் பதில் கந்தரப்பம்.

#20 சும்மா_ஒருத்தன்

ஊருக்கு ஒரு சொந்தக்காரர் வந்தாச்சு. நடந்திருக்காது, யாரோ கட்டிவிட்டது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

#21 அண்ணமிண்டி_தம்பி

நடந்தது. ஊர் பேர் சொல்ல மாட்டேன். அந்தப் பெரியவர் எங்கள் பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா.

போட்மெயில் சொன்னது கவுனி அரிசி வரை சரி. மீதி அவருக்குத் தெரியாது. பெரியப்பச்சி எழுந்து ஓடிவரவில்லை. இலையில் போட்டதை எறியக் கூடாது என்று முழுசாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகக் கூடாது என்று மொய் எழுதினார், விலாசத்தோடு. அப்புறம் ரெண்டு வீடு தள்ளிப் போய்த் துக்கம் கேட்டார். அங்கே சாப்பிடச் சொன்னபோது பசியில்லை என்றாராம், எவ்வளவு துக்கம் பாருங்கள் என்று அந்த வீட்டில் எல்லோரும் உருகிவிட்டார்கள்.

கல்யாண வீட்டில் ராத்திரி மொய் ஏட்டைப் புரட்டியவர்களுக்கு இந்தப் பேர் யாரென்று தெரியவில்லை. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் முகம் நினைவிருந்தது. "எங்கூட உக்காந்து அழுத ஒரே ஆளு அவருதான், விடக் கூடாது." தேடிப் பிடித்து, பெரியப்பச்சி மகள் கல்யாணத்துக்கு அழைக்காமலே வந்து மொய்யைத் திருப்பி எழுதினார்கள், கொஞ்சம் கூட்டி. கூட்டி எழுதினால் விடுவோமா? அவர்கள் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு நாங்கள் போனோம். இப்படியே நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போக்குவரத்து ஆகிவிட்டது, பெரியப்பச்சி போன பிறகும் நிற்கவில்லை. கணக்கு நேராகிவிட்டால் உறவு முடிந்துவிடும் என்று ரெண்டு பக்கமும் மாறி மாறிக் கூட்டி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த வைகாசியில் அந்த வீட்டுப் பேத்தி கல்யாணம். நான்தான் போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர், நம் ஊர் வழக்கப்படி, சாப்பாட்டில் கை வைக்கும் முன்பே விசாரணையை ஆரம்பித்தார். எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகன், கடைசியில், "நீங்க இவுகளுக்கு எந்த வழியில சொந்தம்?"

"துக்கம் கேக்க வந்த வழியில" என்றேன்.

அவர் அப்பளத்தை நொறுக்கியபடி கொஞ்சம் யோசித்தார். "அப்ப நெருங்கின சொந்தந்தான்" என்று சொல்லிவிட்டுப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, இவுகளுக்கு இன்னொரு பணியாரம் வைப்பா" என்றார்.